கண்காணிப்புக் கிணற்றில் எத்தனை முறை இறைத்துவிட்டு நீர் மாதிரி எடுக்க வேண்டும்?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. தொழிற்சாலையைச் சுற்றியுள்ள கண்காணிப்புக் கிணறுகளில், அதாவது நீரைச் சோதிப்பதற்காகவே இறக்கிய குறுகிய குழாய்க் கிணறுகளில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிலத்தடி நீர் மாதிரி எடுக்கிறீர்கள். உங்கள் சீனியர் ஒவ்வொரு கிணற்றிலும் பெயிலரை, அதாவது கயிற்றில் கட்டி இறக்கும் நீண்ட குழாய் போன்ற வாளியை, மூன்று முறை இறக்கி, இறைத்துக் கொட்டிவிட்டு, நான்காவது முறை வருவதைப் பாட்டிலில் நிரப்புகிறார். ஒரே கிணற்றில் ஒரு தடவை ஈயம் வரம்புக்குள் வருகிறது, அடுத்த தடவை பல மடங்கு ஏறி நிற்கிறது. ஆய்வகத்தைச் சந்தேகப்படுவதா, அல்லது மூன்று முறை இறைப்பது போதாதா, போதாதென்றால் எத்தனை முறை என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது எண்ணிக்கைதான். ஆனால் அதற்குள் இருக்கும் கேள்வி வேறு: பாட்டிலில் பிடித்தது மண்ணுக்குள் நகர்ந்துகொண்டிருக்கும் நீர்தானா, குழாய்க்குள் தேங்கிக் கிடந்த நீரா? பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்தும் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன். அது தெளிந்தால் எண்ணிக்கை தானாகவே விழுந்துவிடும்.

முதலில் அந்த ‘மூன்று’ எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். பழைய நடைமுறையில் மூன்று கிணற்றுக் கொள்ளளவு நீரை வெளியேற்றிவிட்டு மாதிரி எடு என்று ஒரு விதி உண்டு. சிலர் ஐந்து வரை போவார்கள். கைமாறிக் கைமாறி வரும்போது அது மூன்று பெயிலர் என்று சுருங்கிவிட்டதை நான் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1.96 லிட்டர் நீர் நிற்கும். கிணற்றின் அடி 12 மீட்டரிலும் நீர்மட்டம் 7 மீட்டரிலும் இருந்தால் உள்ளே 5 மீட்டர் நீர். அதாவது ஏறக்குறைய 10 லிட்டர். மூன்று கொள்ளளவு என்றால் 30 லிட்டர். ஒரு பெயிலருக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொண்டால் முப்பது முறை இறைக்க வேண்டும். மூன்று பெயிலரில் தேங்கிய நீரில் மூன்றில் ஒரு பங்குகூட வெளியே வரவில்லை. உங்கள் கிணறு 100 மில்லிமீட்டர் என்றால் மீட்டருக்கு 7.85 லிட்டர்; நிலைமை இன்னும் மோசம்.

தேங்கிய நீரை ஏன் தள்ள வேண்டும் என்பதற்குக் கிணற்றின் அமைப்பை மனதில் கொண்டுவர வேண்டும். மேலே துளையில்லாத கேசிங் குழாய், கீழே நுண்ணிய வெட்டுகள் உள்ள ஸ்கிரீன், அதைச் சுற்றி வடிமணல், அதற்கு மேல் மழைநீரும் மேல்மண் நீரும் இறங்காமல் அடைக்கும் பென்டோனைட் களிமண். ஸ்கிரீன் இருக்கும் பகுதியில் நிலத்தடி நீர் மெதுவாக ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்க்கொண்டே இருக்கிறது. கேசிங்கில் நிற்கும் நீருக்கு அந்தப் போக்கு இல்லை. மாதக்கணக்கில் காற்றைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பென்சீன், ட்ரைகுளோரோஎத்திலீன் போல ஆவியாகும் சேர்மங்கள் அதிலிருந்து மெல்ல வெளியேறுகின்றன. ஆக்ஸிஜன் உள்ளே கரைகிறது. கரைந்திருந்த இரும்பு துருவாகிக் கீழே படிகிறது. அந்த நீரைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் ஆய்வகம் சரியான விடையைத்தான் தரும். ஆனால் அது குழாயைப் பற்றிய விடை. சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும் என்பார்கள். இந்த வேலையில் சட்டியில் இருப்பது அகப்பையில் வராமல் போவதும் உண்டு, இல்லாதது வந்து சேர்வதும் உண்டு.

சரி, அப்படியானால் முப்பது முறை இறைத்தால் போதுமா? இல்லை. உங்கள் ஈயக் குழப்பத்துக்கு அது மருந்தாகாது, இன்னும் கூட்டக்கூட வாய்ப்பிருக்கிறது. பெயிலர் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் பிஸ்டன் போல நீரைக் கீழே தள்ளுகிறது, ஏறும்போது உறிஞ்சுகிறது. அடியில் படிந்த வண்டல் கிளம்புகிறது. வடிமணலில் ஒட்டியிருந்த களிமண் துகள்கள் ஸ்கிரீன் வழியாக உள்ளே வருகின்றன. இயற்கையில் அந்தத் துகள்கள் நீரோடு நகர்வதில்லை; நாம்தான் பிடுங்கி எடுக்கிறோம். ஈயம் இயல்பாகவே களிமண்ணிலும் இரும்புத் துருவிலும் ஒட்டிக்கொள்ளும் உலோகம். உலோகப் பரிசோதனைக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் இருக்கும், பி.எச். 2-க்குக் கீழே இருப்பதற்காக. கலங்கிய நீரை அந்த அமிலத்தில் ஊற்றினால் துகளில் ஒட்டியிருந்த ஈயம் கரைந்து இறங்கிவிடும். அறிக்கையில் அது நீரில் கரைந்திருந்த ஈயம் போலவே ஒரு எண்ணாக வந்து நிற்கும். ஒரு தடவை சீனியர் மெதுவாக இறக்கியிருப்பார், இன்னொரு தடவை மழை வரும்போல இருக்கிறதென்று அவசரமாக இறக்கியிருப்பார். அந்த வித்தியாசம் ஒன்றே உங்கள் ஏற்ற இறக்கத்துக்குப் போதும். உங்கள் களக்குறிப்பில் ஒவ்வொரு முறையும் கலங்கலின் அளவு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அதையும் ஈயத்தின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கினால் காரணம் ஏறக்குறையக் கையில் கிடைத்த மாதிரிதான்.

இந்தச் சிக்கலிலிருந்து வெளியே வரத்தான் குறைவோட்ட முறை வந்தது. பல்ஸ், பார்சிலோனா என்ற இருவர் எழுதி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996-இல் வெளியிட்ட வழிகாட்டுக் கட்டுரை இதைப் பரவலாக்கியது. கருத்து எளிமையானது. கிணற்றுக்குள் இருக்கும் எல்லா நீரையும் வெளியேற்ற வேண்டியதில்லை. பம்பின் வாயை ஸ்கிரீனின் நடுவில் வைத்து, நிமிடத்துக்கு 0.1 முதல் 0.5 லிட்டர் வரை மட்டும் மெதுவாக எடுத்தால், ஸ்கிரீன் வழியாகப் புதிதாக நுழையும் நீர்தான் மேலே வரும். கேசிங்கில் தேங்கியது அசையாமல் மேலேயே நிற்கும். அது அசையவில்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மட்டம் சுமார் 10 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது என்பது இலக்கு. இறங்கிக்கொண்டே போனால் ஓட்டத்தைக் குறையுங்கள். ஓட்டம் எத்தனை லிட்டர் என்பதைவிட மட்டம் எவ்வளவு இறங்கியது என்பதுதான் முக்கியம். புதியவர்கள் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

எப்போது நிறுத்திப் பாட்டிலை நீட்டுவது என்பதை நீரே சொல்லும். மேலே வரும் நீரைக் காற்றுப்படாத ஒரு சிறு அறை வழியாகச் செலுத்தி, அதில் மீட்டர்களை வைத்து, மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவுகளைக் குறித்துக்கொள்கிறோம். தொடர்ந்து மூன்று அளவீடுகளில் பி.எச். 0.1-க்குள்ளும், மின்கடத்துதிறன் 3 சதவீதத்துக்குள்ளும், ஆக்ஸிஜனேற்ற–ஒடுக்க மின்னழுத்தம் 10 மில்லிவோல்ட்டுக்குள்ளும், கரைந்த ஆக்ஸிஜனும் கலங்கலும் 10 சதவீதத்துக்குள்ளும் நின்றால் நீர் நிலைப்பட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். இதில் ஒன்றைக் கவனியுங்கள். பி.எச்., வெப்பநிலை, மின்கடத்துதிறன் மூன்றும் சீக்கிரமே நின்றுவிடும். கரைந்த ஆக்ஸிஜனும் கலங்கலும்தான் கடைசியில் நிற்கும். பி.எச். நின்றுவிட்டது என்று பாட்டிலைத் திறப்பவர் பாதி வழியிலேயே இறங்கிவிடுகிறார். உலோகம் பார்க்கிறீர்கள் என்றால் கலங்கல் 5 என்.டி.யூ.-வுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) கீழே வரும் வரை பொறுங்கள். சில கிணறுகளில் அது வரவே வராது. அரை மணி, ஒரு மணி நேரம் பொறுத்தும் குறையவில்லை என்றால், பொறுமையைச் சோதிப்பதைவிட அந்தக் கிணற்றை மறுபடி நன்றாக இறைத்துச் சுத்தம் செய்வதைப் பற்றி யோசிக்க வேண்டும். கட்டும்போதே சரியாகத் தெளியவைக்காமல் விட்ட கிணறாக இருக்கலாம்.

கலங்கல் இருந்தால் வடிகட்டிவிடலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். கரைந்த உலோகத்துக்கு 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டுவதுதான் முறை. ஆனால் இரண்டு விஷயங்கள் தவறவே கூடாது. வடிகட்டுவது அமிலத்துக்கு முன்னால். அதுவும் கிணற்றடியிலேயே, பம்பின் குழாயோடு இணைத்து. ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் வடிகட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு ஆர்செனிக் வேலையில் கண்ணால் பார்த்தேன். ஆக்ஸிஜன் இல்லாத ஆழத்து நீரில் இரும்பு கரைந்த நிலையில் இருக்கும். நீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அந்த நீரை அமிலம் சேர்க்காத பாட்டில்களில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். வழியிலேயே காற்றுபட்டு இரும்பு ஆரஞ்சு நிறத்தில் படிந்துவிட்டது. புதிதாகப் படியும் இரும்பு ஆர்செனிக்கைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். ஆய்வகம் வடிகட்டியபோது ஆரஞ்சு வண்டல் வடிதாளில் தங்கியது, ஆர்செனிக்கும் அதோடு தங்கியது. அறிக்கையில் அளவு குறைந்து வந்தது, எல்லோரும் நிம்மதியானார்கள். மறுமுறை கிணற்றடியிலேயே வடிகட்டி அமிலம் சேர்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. கூடுதலாக வரும் தவறை யாராவது கேள்வி கேட்பார்கள். குறைவாக வரும் தவறை யாரும் கேட்க மாட்டார்கள், அந்த நீரைக் குடிப்பவர்கள் குடித்துக்கொண்டே இருப்பார்கள். இந்த வேலையில் என்னைத் தூங்கவிடாதது இந்த வகைத் தவறுதான்.

ஆவியாகும் சேர்மங்களிலும் இதே திசையில்தான் தவறு நடக்கும். அந்தப் பாட்டில்கள் 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பிகள். எல்லாவற்றுக்கும் முதலில் அவற்றைத்தான் நிரப்ப வேண்டும், அப்புறம்தான் மற்றவை. நீரைக் குப்பியின் உட்சுவரில் மெல்ல வழிய விட்டு, விளிம்பில் நீர் குவிந்து நிற்கும் வரை நிரப்பி, மூடிவிட்டுத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். காற்றுக்குமிழி ஏறினால் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். உள்ளே ஏற்கெனவே ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும் என்பதால் அலசவும் கூடாது, வழிய வழிய நிரப்பவும் கூடாது. நீரில் கார்பனேட் அதிகமிருந்து அமிலம் பட்டதும் நுரைத்தால், அமிலமில்லாத குப்பியில் எடுத்து 7 நாளுக்குள் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அமிலமிட்டதற்கு 14 நாள் அவகாசம் உண்டு. மீட்டர் அறையிலிருந்து வெளியே வரும் குழாயில் மாதிரி பிடிக்காதீர்கள். அறைக்கு முன்னாலேயே குழாயைக் கழற்றிப் பிடியுங்கள். தரையில் நின்று உறிஞ்சும் பெரிஸ்டால்டிக் பம்ப் நீர்மட்டம் 7, 8 மீட்டருக்குள் இருந்தால்தான் வேலை செய்யும். உறிஞ்சும்போதே வாயுக்களைப் பிரித்துவிடும் என்பதால் ஆவியாகும் சேர்மங்களுக்கு நான் அதைத் தவிர்ப்பேன். கிணற்றுக்குள் இறக்கி, உள்ளிருக்கும் பையை அழுத்தி நீரை மேலே தள்ளும் பிளாடர் பம்ப் கிடைத்தால் அதுவே நல்லது.

மற்ற நேர வரம்புகளையும் மனதில் வையுங்கள். பி.எச். அங்கேயே பார்க்க வேண்டியது. அமிலமில்லாத நைட்ரேட் பாட்டிலுக்கு 48 மணி நேரம்தான். பாதரசம் 28 நாள், மற்ற உலோகங்கள் 6 மாதம். உலோகப் பாட்டில் தவிர மற்றவை பெரும்பாலும் 6 டிகிரி செல்சியஸுக்குள் பனிக்கட்டியில் போக வேண்டும், உறையக் கூடாது. வெள்ளிக்கிழமை மாலை நைட்ரேட் எடுத்தால் திங்களன்று அது வீண். முன்கூட்டியே ஆய்வகத்தைக் கேட்டுவிட்டு நாளைத் தீர்மானியுங்கள்.

கிணற்றடிக்குப் போனதும் முதல் வேலை நீர்மட்டம். எதையும் உள்ளே இறக்குவதற்கு முன்பு, ஒரே நாளில், எல்லாக் கிணறுகளிலும் அளந்துவிடுங்கள். நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்பது அதிலிருந்துதான் தெரியும். அந்தத் திசை தெரியாமல் எந்தக் கிணறு மேலோட்டம் (தொழிற்சாலையை அடையும் முன் நீர் கடக்கும் பக்கம்), எந்தக் கிணறு கீழோட்டம் (தொழிற்சாலையைத் தாண்டி நீர் போகும் பக்கம்) என்று பேச முடியாது. பிறகு மாசு குறைந்த கிணற்றில் தொடங்கி அதிகமான கிணற்றில் முடியுங்கள். ஒவ்வொரு கிணற்றுக்கும் புதிய நைட்ரைல் கையுறை, புதிய குழாய். மறுபடி பயன்படுத்தும் பம்பைப் பாஸ்பேட் இல்லாத சோப்புநீரில் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அலச வேண்டும். ஜெனரேட்டரைக் காற்று வீசிப் போகும் பக்கத்தில், முடிந்தவரை தள்ளி வையுங்கள். பெட்ரோல் ஊற்றிய கையோடு பென்சீன் குப்பியைத் தொட்டால், இல்லாத மாசு முளைத்துவிடும். பெயிலர் கயிற்றைத் தரையில் போட்டுத் திரும்ப உள்ளே விடுவதும் அப்படித்தான். பி.எஃப்.ஏ.எஸ். (எளிதில் சிதையாத புளோரின் சேர்மங்கள்) பார்க்கப் போகிறீர்கள் என்றால் டெஃப்லான் குழாயையும் டெஃப்லான் உட்பூச்சு மூடியையும் ஒதுக்கிவிடுங்கள். ஒரு லிட்டரில் சில நானோகிராம் தேடும் இடத்தில் அவையே மாசாகிவிடும். இறைத்துக் கொட்டும் நீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மாசுபட்ட கிணற்றின் நீரைப் பக்கத்துத் தரையிலேயே ஊற்றக் கூடாது. டிரம்மில் பிடித்துவையுங்கள்.

ஆய்வகத்தைச் சந்தேகப்படலாமா என்று கேட்டிருந்தீர்கள். சந்தேகப்படுவதற்கு முன் நம் பக்கத்தைச் சோதிக்கும் வழி இருக்கிறது. கழுவிய பம்பின் வழியாகக் காய்ச்சி வடித்த நீரை ஓடவிட்டு அதையும் ஒரு மாதிரியாக அனுப்புங்கள். அதில் ஈயம் வந்தால் உங்கள் கழுவல் போதாது. ஆய்வகத்திலிருந்தே மூடிவந்த குப்பி ஒன்று திறக்கப்படாமல் உங்களோடு களத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதில் பென்சீன் வந்தால் பெட்டிக்குள்ளோ வழியிலோ நுழைந்திருக்கிறது. பத்து அல்லது இருபது மாதிரிக்கு ஒன்று என, ஒரே கிணற்றில் இரட்டை மாதிரி எடுத்து, ஆய்வகத்துக்கு அடையாளம் தெரியாதபடி வேறு பெயரில் அனுப்புங்கள். இரண்டும் நெருங்கி வந்தால் அளக்கும் கையும் பிடிக்கும் கையும் சீராக இருக்கின்றன. இவை எதுவும் இல்லாமல் ஆய்வகத்தோடு சண்டைக்குப் போனால் உங்கள் கையில் ஆதாரம் எதுவும் இருக்காது.

இதுவரை சொன்னதில் தேங்கிய நீர் பொய் சொல்லும், கலங்கல் உலோகத்தைக் கூட்டும், காற்று ஆவியாகும் சேர்மங்களின் அளவைக் குறைக்கும் என்பவை உறுதியானவை. இனி வருபவற்றில் அவ்வளவு உறுதி இல்லை. பம்பை ஸ்கிரீனின் நடுவில் வைத்தால் நடுப்பகுதி நீர் மட்டும்தான் வருகிறது என்று நினைக்காதீர்கள். நேரம் ஆக ஆக ஸ்கிரீன் முழுவதிலிருந்தும் கலந்து வரும், அதிலும் நீர் எளிதாக நுழையும் மணல் அடுக்கின் பங்கு கூடுதலாக இருக்கும். நீளமான ஸ்கிரீனில் மெல்லிய மாசு அடுக்கு ஒன்று இருந்தால் சுத்தமான நீரோடு கலந்து அது நீர்த்துத்தான் தெரியும். எந்த இறைப்பு முறையும் அதை முழுவதும் சரிசெய்யாது. வடிகட்டுவதிலும் ஒரு நியாயமான வாதம் உண்டு. சில இடங்களில் மிக நுண்ணிய துகள்கள் உண்மையிலேயே நிலத்தடியில் உலோகத்தைச் சுமந்து நகர்கின்றன. வடிகட்டினால் அவையும் போய்விடும். அதனால்தான் முடிந்தபோதெல்லாம் வடிகட்டியதையும் வடிகட்டாததையும் இரண்டு பாட்டிலாக எடுக்கச் சொல்கிறேன். நீர் ஊறவே ஊறாத கிணறு இன்னொரு சங்கடம். எவ்வளவு மெதுவாக எடுத்தாலும் மட்டம் இறங்கும். வழக்கமாக ஒருமுறை வற்ற இறைத்துவிட்டு, ஊறி வந்ததும் 24 மணி நேரத்துக்குள் எடுப்பார்கள். ஆனால் வற்றிய ஸ்கிரீன் வழியாக நீர் சொட்டிச் சொட்டி இறங்கும்போதே ஆவியாகும் சேர்மங்கள் கொஞ்சம் போய்விடும். அந்த எண்ணைப் பயன்படுத்தலாம், அதன் பக்கத்தில் இப்படி எடுத்தது என்ற குறிப்பு கட்டாயம் இருக்க வேண்டும். இறைக்கவே தேவையில்லாத பாலிஎத்திலீன் பைகளும் உண்டு. சுமார் இரண்டு வாரம் ஸ்கிரீனில் தொங்கவிட்டு எடுக்கலாம். பல ஆவியாகும் சேர்மங்களுக்கு நன்றாக வேலை செய்யும். உங்கள் ஈயத்துக்கு உதவாது. உலோகம் அந்தப் பையின் சுவரைக் கடக்காது.

உங்கள் கிணறுகளின் கட்டுமானக் குறிப்பையும் களக்குறிப்பையும் பார்க்காமல் ஈயம் வண்டலிலிருந்துதான் வருகிறது என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஸ்கிரீன் எந்த ஆழத்தில், பென்டோனைட் அடைப்பு சரியாக இருக்கிறதா, மேல்மூடி உடைந்து மழைநீர் இறங்குகிறதா என்பதெல்லாம் தெரிய வேண்டும். முறையை ஒரே நாளில் மாற்றிவிடவும் வேண்டாம். பத்து வருட பெயிலர் எண்களுக்குப் பக்கத்தில் திடீரென்று குறைவோட்ட எண் ஒன்று வந்தால், மாசு குறைந்துவிட்டது என்று யாராவது படம் வரைந்துவிடுவார்கள். உங்கள் சீனியர் செய்வது தவறு என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள். அவர் கற்றுக்கொண்ட காலத்தில் அதுவே முறை. அடுத்த சுற்றில் ஒரு கிணற்றில் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.

ஈயம் அதிகம் ஆடும் கிணற்றைத் தேர்ந்தெடுங்கள். முதலில் பம்பை மெல்ல இறக்கி, அடியைத் தொடாமல், கலங்கல் தெளிந்து எல்லா அளவுகளும் நிலைத்த பிறகு, வடிகட்டியது ஒன்று, வடிகட்டாதது ஒன்று எடுங்கள். அதற்குப் பிறகு அதே நாளில் அவர் வழக்கப்படி பெயிலரால் வடிகட்டியது ஒன்று, வடிகட்டாதது ஒன்று. வரிசையை மாற்றிவிடாதீர்கள், பெயிலர் முதலில் போனால் கிணறு கலங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் அந்த நேரத்துக் கலங்கலைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு பாட்டிலும் ஒரே ஆய்வகத்துக்குப் போகட்டும். பெயிலரின் வடிகட்டாத பாட்டில் மட்டும் எகிறி, மற்ற மூன்றும் தாழ்வாக ஒன்றுபோல வந்தால் நீங்கள் இத்தனை நாள் அளந்தது வண்டலை. நான்கும் உயர்ந்தே வந்தால் ஈயம் உண்மையாகவே நீரில் இருக்கிறது. அப்போது இறைக்கும் முறையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, அது எங்கிருந்து வருகிறது, கீழோட்டத்தில் யாருடைய கிணறு இருக்கிறது என்று உடனே தேடத் தொடங்குங்கள்.